மாணவர் காணொளி ஒன்றும் ஆச்சி கேட்ட கேள்வியும்

சற்று நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும், மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பும் ஆசிரியர்களும் பொறுமையோடு இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். இதில் பிழை செய்தவர் ஒருவர் உண்டு. அது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாஹிமில் நான் தங்கியிருக்கும் அறை ரயில் நிலையத்துக்கு மேற்கே, பத்து நிமிட நடையில் இருக்கிறது. மேற்கு ரயில் பாதையும் துறைமுகப் பாதையும் சந்திக்கும் நிலையம் அது. நடைமேம்பாலத்தின் மேற்குப் படிகளில் இறங்கினால் மாஹிம். கிழக்குப் படிகளில் இறங்கினால் தாராவி. மும்பைத் தமிழ்ப் பெண்களின் தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களை ஆய்வுப் பொருளாகக் கொண்ட எனக்கு அந்தப் பாலம் நூலகத்துக்குப் போகும் வழியைப் போலப் பழகிப்போன ஒன்று. காலையில் ஒலிப்பதிவுக் கருவியோடு கிழக்கே இறங்குவேன்; மாலையில் கோப்புகளோடு மேற்கே ஏறுவேன். இவ்வளவு காலமாக அந்தப் பாலத்தில் எதை எடுத்துச் செல்கிறேன், எதை விட்டுச் செல்கிறேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர்கள் இளங்கலை மாணவர் ஆறு பேர்.

சென்ற கோடையில் அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். மாட்டுங்காவில் படிப்பவர்கள். செம்பூரிலிருந்து இருவர், சயானிலிருந்து மூவர், தாராவியிலிருந்து ஒருவர். சொந்தமாக ஒரு தமிழ்ப் பாடலை உருவாக்கியிருந்தார்கள். நீளம் 3 நிமிடம் 40 நொடி. இடையில் மராத்தி வரிகளும் உண்டு. அதற்கு ஒரு காணொளி எடுக்க வேண்டும். முதலில் கல்லூரிக் கலைவிழாவில் திரையிட வேண்டும். பிறகு யூடியூபில் வெளியிட வேண்டும். கையிருப்பு 18,000 ரூபாய். எனக்குத் தமிழும் தாராவியும் தெரியும் என்பதால் திட்டமிடலுக்கு நான் துணை நிற்க வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து தப்பிக்க எந்தக் காரணம் கிடைத்தாலும் ஆய்வு மாணவர் ஒப்புக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் இரண்டு கூட்டங்கள் என் அறையிலேயே நடந்தன. திரைப்படத்தைச் சாராத இசை தமிழில் எவ்வாறு காட்சியாக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்தோம். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கோடைக்கானல் வோன்ட்’ ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாடலின் இசைமீது புதுச் சொற்களை ஏற்றி, வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பேசியது; 2016 மார்ச்சில் அந்நிறுவனம் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது. 2017இல் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா எண்ணூரின் கழிமுகத்தில் நின்று பாடியது. 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறிக் கானாவையும் ராப்பையும் ஒன்றாக நிறுத்தியது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இவை அனைத்திலும் பாட்டுக்கும் இடத்துக்கும் இருந்த உறவு அலங்காரமாக இல்லை என்று மாணவர்களே குறித்துக்கொண்டார்கள். எண்ணூரின் சாம்பலை நீக்கிவிட்டால் அந்தப் பாடலே இல்லை.

பிறகு தாராவிக்கு வந்தோம். ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய இரு படங்களும் தாராவியைப் பெரும்பாலும் சென்னையில் அரங்கமாகக் கட்டி எடுத்தவை. 2015இல் டிவைன், நேஸி இருவரும் பாடிய ‘மேரே கலி மே’ மும்பையின் சந்தை ராப்பின் மேடையாக்கியது. அவர்களின் வாழ்விலிருந்து ஊக்கம் பெற்று 2019இல் ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ வந்தது. தாராவித் தமிழ் இளைஞர்களின் ‘டோப்படெலிக்ஸ்’ குழு அதற்கு முன்பே ‘காலா’வின் பாடல்களில் தமிழில் ராப் பாடிவிட்டது. எனவே எங்கள் மாணவர்களுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. முன்னோடிகள் அதிகமாகிவிட்டதால், தாராவி என்றதும் ஆறு பேர் மனத்திலும் ஒரே படம் எழுந்தது: நீலத் தார்ப்பாய்க் கூரைகள், ஓடும் சிறுவர்கள், குப்பை மேடு, சந்தில் மெதுவாக நடந்து வரும் பாடகர்.

அவர்கள் எழுதிக் கொண்டுவந்த ஷாட் பட்டியலில் 42 காட்சிகள் இருந்தன. முதல் காட்சி டிரோனில் எடுக்கும் கூரைகள். விமான நிலையம் மிக அருகில் இருப்பதால் அங்கே டிரோன் பறக்கவிட அனுமதி கிடைப்பது அரிது என்று அதை முதல் நாளே அடித்தோம். ரயில் பாலத்தில் எடுக்கும் காட்சிக்கு ரயில்வேயின் முன் அனுமதியும் கட்டணமும் வேண்டும், கைப்பேசியில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்றார் ஒருவர், வேண்டாம் என்றேன். பாடகர் சந்தில் மெதுவாக நடந்துவர வேண்டும், ஆனால் உதடுகள் பாட்டோடு பொருந்த வேண்டும் என்பது இன்னொரு காட்சி. நொடிக்கு 50 சட்டகம் வீதம் எடுத்து 25 சட்டகமாக ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும். ஆகவே எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாயசைக்க வேண்டும். என் அறையில் ஒத்திகை பார்த்தார்கள். அணில் கத்துவதைப் போல ஒலித்த தம் பாட்டுக்குப் பாடகர் வாயசைக்க முயன்றபோது கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கைப்பேசிப் படப்பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. திரையில் நொடிக்கு 30 சட்டகம் என்று காட்டினாலும், வெளிச்சம் குறையும்போது பல கைப்பேசிகளில் அந்த எண்ணிக்கை ஏறி இறங்கும். நான்கு நிமிடப் பாட்டின் முடிவுக்குள் உதடு ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் விலகிப் போகும். சட்டக வேகத்தைப் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்த வேண்டும். இதுபோன்ற குறிப்புகளால் திட்டக் கோப்பு பருத்துக்கொண்டே போனது. வெளிச்சத்துக்கும் ஒரு தாள் இருந்தது. மே மாத நடுப்பகலில் மும்பையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். நான்கு அடிச் சந்தின் தரையிலும் சற்று நேரம் வெயில் விழும். படப்பிடிப்போ மழை ஓய்ந்த பின், நவம்பரில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கு தெற்காகச் செல்லும் சந்துகளில் நண்பகலில் வெயில் கிடைக்கும். கிழக்கு மேற்காகச் செல்பவற்றில் தரையைத் தொடவே தொடாது. மே மாதக் குறிப்பை வைத்துக்கொண்டு நவம்பரில் போய் நின்றால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் சரிபார்த்த நாங்கள், பாட்டின் நடுவில் வரும் ஒரு குரலைப் பற்றி மட்டும் போதிய கேள்வி கேட்கவில்லை.

பாட்டின் இரண்டாம் நிமிடத்தில் ஒரு முதியவளின் தாலாட்டு வருகிறது. ஏறக்குறைய 20 நொடி. தாள வாத்தியங்கள் அடங்கி அந்தக் குரல் எழும் இடம்தான் பாட்டின் உயிர். கேட்ட அனைவரும் அங்கே கண்ணை மூடினார்கள், நானும்தான். குரல் யாருடையது என்று கேட்டேன். பாடலை எழுதிய தாராவி மாணவியின் ஆச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேத்தியின் அக்காள் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடியபோது, மாணவி கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தார். ஆச்சிக்குத் தெரியுமா என்றேன். தெரியாது, ஆனால் ஒன்றும் சொல்லமாட்டார் என்றார். காணொளியின் இறுதியில் அந்தப் பகுதிக்கு என்ன எழுதுவது என்று இன்னொருவர் கேட்டார்.

என் பிழை இங்கேதான். “மரபுப் பாடல் என்று போடுங்கள். தாலாட்டுக்கு ஆசிரியர் இல்லை, சட்டச் சிக்கல் வராது” என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. திட்டக் கோப்பில் என் கையாலேயே ‘இடையிசைத் தாலாட்டு: மரபு’ என்று எழுதினேன். வரவுசெலவுத் தாளில் ஒலிவாங்கி வாடகை இருந்தது, வடாபாவும் தேநீரும் இருந்தன, காட்சிப் பொருள்களுக்கு 2,000 ரூபாய் இருந்தது. ஆச்சிக்கு என்று ஒரு வரி இல்லை.

இடம் பார்க்கப் போன நாளில் ஏழு பேரும் 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, சந்துகளை அளந்து, சுவர்களைப் படமெடுத்துக்கொண்டே மாணவியின் வீட்டை அடைந்தோம். ஆச்சி வாசலில் கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். தாராவித் தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் முறுக்கும் இட்லியும் செய்து விற்பது நெடுநாள் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினர் இங்கே தோல் பதனிடும் வேலைக்கு வந்த வரலாற்றை ஆய்வேடுகள் எழுதுகின்றன. அந்த ஆண்களின் கூலி போதாத வீடுகளை மாவும் எண்ணெயும் தாங்கிய வரலாறு குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆச்சியின் விரல்கள் மாவை முறுக்கி முறுக்கி வட்டமாக வளர்த்துக்கொண்டிருந்தன. எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“இம்புட்டுப் பேரு வந்து என்னத்த எடுக்கிய?”

சந்தை எடுக்கிறோம், அந்த மூலையில் இருக்கும் குப்பைத் தொட்டியை எடுக்கிறோம் என்று ஒளிப்பதிவு மாணவர் உண்மையையே சொன்னார்.

“குப்பைய எடுக்க ரயிலேறி வரணுமா? மாஹிம்ல குப்பை இல்லையா?”

சிரித்தோம். உள்ளே உட்காரவைத்துத் தேநீர் தந்தார். பேத்திக்குப் பெருமை தாளவில்லை. ஒலிக்கருவியை ஆச்சியின் காதில் வைத்துப் பாட்டை ஓடவிட்டார். முதல் ஒன்றரை நிமிடம் ஆச்சி மரியாதைக்காகக் கேட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தம் குரல் வந்தது. கை நின்றது. முடியும்வரை அசையாமல் இருந்தார். முடிந்ததும் கருவியைக் கழற்றிப் பேத்தியின் மடியில் வைத்தார்.

“இது என் கொரலு. என்னைய எதுக்குட்டி ஓட விட்டுருக்க?”

எனக்கு விளங்கவில்லை. இசையமைத்த மாணவருக்கு உடனே விளங்கிவிட்டது. பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 96 அடி. ஆச்சியின் தாலாட்டு எந்தக் கட்டத்துக்கும் அடங்காதது. ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்குமுன் அவர் எடுக்கும் மூச்சு ஒவ்வொரு முறையும் வேறு நீளம். குழந்தை கண்ணை மூடுகிறதா என்று பார்த்துப் பாடுபவரின் மூச்சு அது. மென்பொருளில் குரலைச் சுருக்கித் தாளத்துக்குள் பொருத்தியிருந்தார்கள், மூச்சுகளை வெட்டியிருந்தார்கள். இருபது நொடியில் ஆச்சியை உண்மையிலேயே ஓடவிட்டிருந்தோம்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமாக இருந்தது. “எங்க அண்ணன் பேரு எங்க?”

தாலாட்டில் தாய்மாமன் வருவது நம் மரபு. அவன் கொண்டுவரும் சீர் வரிசையாகப் பாடப்படும். ஆச்சி தம் தாலாட்டில் தம் அண்ணனின் பெயரையே வைத்துப் பாடுபவர். அவருக்கு முன்பே மும்பைக்கு வந்து தோல் கிடங்கில் வேலை பார்த்து, பிறகு தங்கையை இங்கே கட்டிக்கொடுத்து, ஊர் திரும்பாமலே இறந்துபோனவர் அந்த அண்ணன். மாணவர்கள் அந்த வரியை வெட்டியிருந்தார்கள். பெயர் இருந்தால் பாட்டு ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடும், எல்லோரும் தம் பாட்டியை நினைக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கலைக்காரணம்தான்; கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தத் தாலாட்டு இன்றுவரை பாடப்பட்டதே அந்தப் பெயருக்காகத்தான் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பேத்தி பேச்சை மாற்ற எண்ணித் திட்டக் கோப்பைத் திறந்து, கடைசியில் எல்லார் பெயரும் வரும் பார் என்று படித்துக்காட்டத் தொடங்கினார். எழுதியவர், இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திட்ட ஆலோசனை என்று என் பெயரும் வந்தது. பிறகு: இடையிசைத் தாலாட்டு, மரபு.

ஆச்சி கேட்டார்: “மரபுன்னா யாரு? எந்த ஊருக்காரி?”

நான் விளக்க முயன்றேன். இந்தப் பாட்டுகள் ஒருவர் எழுதியவை அல்ல, தலைமுறை தலைமுறையாக வருபவை, எல்லோருக்கும் பொதுவானவை என்றெல்லாம் வகுப்பில் சொல்வதையே எளிமையாக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “பொதுதான். எங்க அம்மையும் பாடுனா. ஆனா எங்க அண்ணன் பேர அவ போடலைல்லா. நாந்தான போட்டேன்” என்றார். நாட்டார் வழக்காற்றியலில் மரபுக்கும் நிகழ்த்துநரின் படைப்பாற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் எழுதிவைத்திருக்கும் முப்பது பக்கங்கள் இதைவிடத் தெளிவாக இல்லை.

பிறகு, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். பக்கத்துத் தெருக்களில் பாட்டுகளைச் சேகரிக்கிறேன் என்றேன். அவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் வருமா என்றார். வராது, அவர்களுக்குத் தொல்லை வராமலிருக்க எண் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையோடு சொன்னேன். ஆச்சி கதவைக் காட்டினார். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. வீடுகளுக்கு எண் இடப்பட்டது. அவர் கதவிலும் ஓர் எண் இருந்தது. எங்கள் ஷாட் பட்டியலில் 17ஆவது காட்சி அந்த எண்தான். “கதவுல நம்பர் எழுதிட்டுப் போனாவ. பாட்டுக்கும் நம்பரா?” என்றார். கோபம் இல்லை. கேட்டுவிட்டு மாவுக்குத் திரும்பினார்.

அன்று மாலை பாலத்தில் ஏறி வந்தபோது மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள். அறைக்கு வந்து ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திறந்தேன். ‘தகவலாளி 7: பெண், வயது 70க்கு மேல், தாராவி.’ ‘தகவலாளி 4: பெண், வயது 80க்கு மேல்.’ ஒப்புதல் படிவத்தில் நான் அச்சிட்டிருந்தது ஒரே ஒரு வாசகம்: உங்கள் அடையாளம் வெளியிடப்படாது. அதன் கீழே கைநாட்டும் கையெழுத்தும். பெயர் வேண்டுமா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக்கும் குற்ற வழக்குகளைப் பற்றிய ஆய்வுக்கும் பெயர் மறைத்தல் பாதுகாப்பு. பாடுபவருக்கு அது எப்போதும் பாதுகாப்புதானா? தன் பாட்டைத் தன் பெயரோடு வைக்க விரும்பும் ஒருத்தியிடமிருந்து பெயரை எடுத்துக்கொள்வதற்கு அறநெறி என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமோ என்ற ஐயம் அன்று முதல் என்னை விடவில்லை.

நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் பாடல்களின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். சில பாடல்களுக்கு ‘உதவியவர்’ என்று ஒரு பெயரும் இருக்கும். எத்தனையோ முறை புரட்டிய நூல். அந்தச் சொல்லில் இப்போதுதான் நின்றேன். அந்த முன்னோடிகள் ஊரையும் பெயரையும் குறித்துவைத்தார்கள் என்பது பெரிது. அவர்களுக்குப் பின்னால் வந்த நான், கருவி வசதிகள் பெருகிய காலத்தில், அந்த ஒரு பெயரையும் எண்ணாக்கியிருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். இம்முறை படித்துவிட்டுப் பதில் சொன்னேன். பழைய தாலாட்டின் சொற்களுக்குப் பதிப்புரிமை இல்லாதிருக்கலாம். ஆனால் அதைப் பாடியவருக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது, 2012இல் விரிவாக்கப்பட்டது. பாடுபவரின் இசைவின்றி அவர் பாடியதைப் பதிந்து பரப்புவது இப்போது தனி உரிமை மீறல். காணொளியில் சேர்ப்பதற்கான ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். பிரிவு 38பி, நிகழ்த்துநராகத் தம்மை அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையையும், தம் பெயருக்குக் கேடாகப் பாட்டைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தருகிறது. கல்லூரி விழாவில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் பார்க்க நிகழ்த்துவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. யூடியூபுக்கு அந்த விலக்கு இல்லை. ஆக, ‘சட்டச் சிக்கல் வராது’ என்று நான் சொன்னது வெறும் அறியாமை. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. நீளத்துக்காகச் சில பகுதிகளை வெட்டுவதும், முற்றிலும் தொழில்நுட்பக் காரணங்களுக்காக மாற்றுவதும் சிதைப்பதாகக் கொள்ளப்படா. அதாவது அண்ணன் பெயரை வெட்டியதையும் மூச்சை நீக்கியதையும் சட்டம் மன்னித்துவிடக்கூடும். அந்த இரண்டையும்தான் ஆச்சி முதலில் கேட்டார்.

கூட்டத்தில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பற்றி மீண்டும் பேச்சு வந்தது. அறிவு தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்து, இலங்கைத் தேயிலைத் தோட்ட உழைப்பின் கதையிலிருந்து அந்தப் பாட்டுக்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். பாட்டு உலகெங்கும் போன பிறகு, யாருடைய பங்கு எது, யார் பெயர் எங்கே வர வேண்டும் என்பது பொதுவெளியில் கசப்பான விவாதமாயிற்று. அதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் நோக்கமாக இருக்கவில்லை. பணமும் புகழும் வந்த பிறகு பேச வேண்டியிருப்பதை, இரண்டுமே இல்லாத இப்போது பேசிவிடலாமே என்றார் படத்தொகுப்பு மாணவர். இந்தத் திட்டமிடலில் நான் கேட்ட நல்ல வாக்கியங்களுள் அது ஒன்று.

எனவே திட்டத்தை மீண்டும் எழுதினோம். ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதி, ஆச்சி எதிரில் பேத்தி உரக்கப் படித்தார். ஆச்சி மூன்று நிபந்தனைகள் சொன்னார். அண்ணன் பெயர் வர வேண்டும். தம்மை ஓடவிடக் கூடாது. முகத்தைக் காட்டக் கூடாது. முகம் ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் சற்றே கற்றிருந்தோம். பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டோம். பெயருக்கு முன்னால் பிறந்த ஊரைப் போடச் சொன்னார். காசு பற்றிப் பேச மாணவர்கள் கூச்சப்பட்டார்கள். ஆச்சிக்குக் கூச்சமில்லை. “ஒரு நாள் முறுக்கு போச்சுன்னா யாரு குடுப்பா?” என்றார். காட்சிப் பொருள்களுக்கான 2,000 ரூபாய் அந்த வரிக்கு மாறியது. காணொளியால் வருவாய் ஏதும் வந்தால் பங்கு என்ன என்பதையும் தாளில் எழுதினோம். வருமோ வராதோ, எழுதியிருக்கிறது.

பாட்டும் மாறியது. இசையமைத்த மாணவர் தாலாட்டு வரும் இடத்தில் தாளத்தை முழுவதும் நிறுத்திவிட்டார். ஆச்சி புதிதாக ஒருமுறை பாடித் தந்தார். மின்விசிறியை நிறுத்தி, தண்ணீர் வராத நேரமாகப் பார்த்து, ஒரே ஒலிவாங்கியில் பதிந்தோம். எதிரே பேத்தியின் அக்காள் குழந்தை. இப்போது அந்தப் பகுதி 20 நொடி அல்ல, 51 நொடி. பாட்டு நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. தாளம் திரும்பும்போது ஆச்சியின் கடைசி மூச்சைக் கேட்டுத்தான் மத்தளக்காரர் தொடங்க வேண்டும். எண்ணிக்கொண்டு தொடங்க முடியாது. அது பாட்டைக் கெடுத்துவிட்டது என்று குழுவில் ஒருவர் இன்னும் கருதுகிறார். கேட்பவர்கள் அங்கே வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அவர் சொல்வது தவறாக இல்லாமலும் போகலாம்.

காட்சிப் பட்டியல் 42இலிருந்து 9ஆகக் குறைந்தது. குப்பை இல்லை, கூரை இல்லை, ஓடும் சிறுவர்கள் இல்லை, கதவு எண் இல்லை. அந்த 51 நொடியும் ஆச்சியின் கைகள் முறுக்குச் சுற்றும் ஒரே காட்சி, வெட்டில்லாதது, மெதுவாக்காதது. நவம்பரில் அவர் வாசலில் நேர்வெயில் விழாது. ஆகவே எதிர்ச்சுவரில் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். துணிக்கு அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்டாயிற்று. மழை ஓயக் காத்திருக்கிறோம்.

என் கணக்கு இன்னும் தீரவில்லை. படிவத்தில் புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்து, நான் பதிந்த பெண்களிடம் ஒவ்வொருவராகத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டும், வேண்டாம், ஊர்ப் பெயர் மட்டும் போதும். பலர் பெயர் வேண்டும் என்றார்கள். ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். அவர் பாடியது கணவரைப் பற்றிய பாட்டு. ஆகவே எல்லோர் பெயரையும் போட்டுவிடுவதும் தீர்வல்ல, கேட்பதுதான் வேலை. தகவலாளி 4 இருந்த வீட்டுக்குப் போனபோது, அவர் சென்ற ஆண்டே காலமாகிவிட்டதாக மருமகள் சொன்னார். அவர் விருப்பம் எதுவாக இருந்திருக்கும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாளின் குரல் என் வன்தட்டில் நாற்பது நிமிடம் இருக்கிறது. பின்னிணைப்பில் அவர் தகவலாளி 4ஆகவே இருப்பார். அதை மாற்ற இனி யாருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஒப்புதல் படிவத்தை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாடியவர், கதை சொன்னவர், வைத்தியம் சொன்னவர் தம் பெயரை வைத்துக்கொள்ள அதில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். நெறியாளர்களாக இருப்பவர்கள், இத்தகைய படிவம் உங்கள் துறையில் வழக்கத்தில் இருந்தால் பின்னூட்டத்தில் அதன் வாசகத்தைப் பகிர்ந்து உதவுங்கள்.

ஆச்சியைப் பற்றி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் இதை எழுதினேன். எழுதும்மா என்றார். பெயரைப் போடலாமா என்று கேட்க அன்று மறந்துவிட்டேன். அதனால் இங்கே போடவில்லை. நவம்பருக்குப் பிறகு காணொளியில் பாருங்கள். பாடியவர் என்ற சொல்லுக்கு எதிரே, ஊர்ப் பெயரோடு இருக்கும்.